மட்ஸ்கிப்பரும் மெர்போக் சங்கமும்

ஜார்ஜ் குழுவை விட்டு விலகியபோது சொன்ன காரணத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. பாட்டு பதினான்கு நிமிடம். அதில் அவன் பாட வேண்டியது இரண்டே வரிகள். முதல் வரி மூன்றாவது நிமிடத்தில் வரும். அடுத்த வரி பதினோராவது நிமிடத்தில். நடுவில் இருக்கும் எட்டு நிமிடமும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டும்.

“தலைய ஆட்டிக்கிட்டு நில்லு,” என்றான் லாசரஸ்.

“எட்டு நிமிஷமா? கழுத்து கழண்டுடும்டா. நான் சர்ச் கொயருக்கே போறேன். அங்க எல்லா வரியும் பாடலாம். நடுவுல உக்காரவும் சொல்வாங்க.”

இது 1984இன் தொடக்கத்தில் நடந்தது. லாசரஸுக்கு அப்போது இருபத்தேழு வயது. பொங்கோல் படகுத்துறையில் படகு மோட்டார் பழுதுபார்க்கும் வேலை. டெக்கா மார்க்கெட்டுக்கு மேலே புதிதாக எழும்பிய அடுக்குமாடியில், ஏழாவது மாடியில், அம்மா பிலோமினம்மாளோடு இருந்தான். பகலெல்லாம் கிரீஸும் உப்புத் தண்ணீரும். வேலை முடிந்ததும் தண்ணீர் வற்றிய கரையில் உட்கார்ந்து சேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். விடுமுறை கிடைத்தால் பாசிர் ரிஸ் பக்கம் போய் அங்கிருக்கும் சேற்றையும் பார்ப்பான்.

“சேத்துல அப்படி என்னடா இருக்கு?” என்று தனசேகரன் ஒருமுறை கேட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் பதில் கேட்க வேண்டியதாயிற்று. சேற்றுக்குள்ளிருந்து விரல் சொடுக்குவதுபோல் வரும் சத்தங்கள், தண்ணீர் ஏற ஏற அவை ஒவ்வொன்றாய் அடங்குவது, செவுளை உப்பிக்கொண்டு துள்ளும் மட்ஸ்கிப்பர் மீன். குழுவுக்குப் பெயரும் அந்த மீன்தான்: மட்ஸ்கிப்பர்.

அவர்கள் வாசித்தது ஹெவி மெட்டல். கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கி இடிபோல் முழக்குவது. கடலும் மழையும் மென்மையானவை என்று சொல்கிறவர்கள், சுமத்ராவிலிருந்து வரும் காற்றை ஒரு சின்னப் படகில் இருந்துகொண்டு பார்க்காதவர்கள் என்பது லாசரஸின் கட்சி. மற்றக் குழுக்கள் நான்கு நான்காக எண்ணும் இடத்தில் இவர்கள் ஏழாகவும் ஐந்தாகவும் எண்ணுவார்கள். இதற்கு ‘ப்ரோக்ரெஸிவ்’ என்று பெயர் என்பான் லாசரஸ். “எங்கடா ப்ரோக்ரெஸ்?” என்பான் தனசேகரன்.

தனசேகரன் தபால்காரன். காலையில் சைக்கிள் மிதித்த கால், மாலையில் டிரம்ஸ் மிதிக்கும். பேஸ் கிட்டார் வாசித்தவன் முகைதீன். சிராங்கூன் ரோட்டில் அவன் குடும்பத்துக்குத் துணிக்கடை. அதிகம் பேச மாட்டான். ஆனால் கடை வேன் அவனிடம் இருந்தது. அந்த வேன் இல்லாவிட்டால் மட்ஸ்கிப்பர் எந்தக் கரைக்கும் போயிருக்காது.

ஜார்ஜ் போனதும் வேறு பாடகரைத் தேடாமல், அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டார்கள். பாட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிலோமினம்மாளுக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை பயிற்சியின்போது சமையலறையிலிருந்து முழுவதையும் கேட்டுவிட்டு, எப்போதும்போல் வந்து நின்றாள்.

“பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?”

“முடிஞ்சிருச்சும்மா.”

அவள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, வந்து சாப்பிடுங்க,” என்றாள்.

அந்த மார்ச் மாதம் சிராங்கூன் ரோட்டுக்கு அருகில் ஒரு சமூக மன்றத்தில் கலை இரவு நடந்தது. விண்ணப்பப் படிவத்தில் ‘பாடகர் பெயர்’ என்ற இடத்தை லாசரஸ் காலியாக விட்டான். நிகழ்ச்சியை நடத்தியவர் அருளானந்தம் என்ற தமிழாசிரியர். மிகவும் நல்ல மனிதர். எது தவறினாலும் தானே முன்வந்து சரிசெய்கிறவர்.

“அடுத்ததாக, இளைஞர்கள் மூவர் இணைந்து வழங்கும் ‘ஓதம்’ என்னும் பாடல்,” என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

நான்கு நிமிடம் போயிற்று. யாரும் பாடவில்லை. அருளானந்தம் குனிந்தபடி மேடையேறி, நடுவில் இருந்த மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ,” என்று சோதித்துவிட்டு இறங்கினார். மைக் வேலை செய்தது. ஆறாவது நிமிடத்தில் மறுபடியும் வந்தார். இந்த முறை அவர் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது.

“பாடகர் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.”

பிரச்சினை என்னவென்றால், ஜார்ஜ் மண்டபத்தில் இருந்தான். பழைய நட்புக்காக வந்து, கடைசி வரிசையில் கறிபஃப் தின்றுகொண்டிருந்தான். அவன்தான் இந்தக் குழுவின் பாடகன் என்று தெரிந்த ஓர் அம்மாள், “இந்தா, இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கு!” என்று காட்டிக்கொடுத்தாள். இரண்டு பேர் அவனைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து மேடையில் விட்டார்கள். அருளானந்தம் அவன் கையில் மைக்கைக் கொடுத்து, தோளில் தட்டிக்கொடுத்து இறங்கினார்.

லாசரஸால் நிறுத்த முடியவில்லை. ‘ஓதம்’ என்றால் கடலேற்றம்; தண்ணீர் அப்போதுதான் கரையேறிக்கொண்டிருந்தது. பாட்டில் அது மிகவும் முக்கியமான இடம். ஜார்ஜ் அவனைப் பார்த்தான், தனசேகரனைப் பார்த்தான், முகைதீனைப் பார்த்தான். பிறகு மீதமிருந்த எட்டு நிமிடமும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

பாட்டு முடிந்தது. எங்கோ ஒருவர் மட்டும் கைதட்டினார். அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அருளானந்தம் மேடையேறி, தொழில்நுட்பக் கோளாறுக்கு மன்னிப்புக் கேட்டார்.

வேனில் திரும்பி வரும்போது லாசரஸ் சொன்னான்: “ஒருத்தர்கூட எண்ணலடா.” கைதட்டாததைவிட அதுதான் அவனுக்கு வலித்தது. ஏழு ஏழாகப் போய் ஐந்தில் திரும்பும் அந்த இடத்தை உண்டாக்க அவனுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் மாலை வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நேர் கீழே, ஆறாவது மாடியில் இருக்கும் கோவிந்தசாமி நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். கையில் துணிபோட்டு மூடிய ஒரு கூண்டு.

“தம்பி, உங்கம்மா இருக்காங்களா?”

“இல்ல அங்கிள், ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்காங்க.”

“நல்லதாப் போச்சு. அவங்க முன்னால கோபப்பட எனக்கு வராது. உங்கிட்டயே பட்டுட்டுப் போறேன்.”

உள்ளே வந்து மேசைமேல் கூண்டை வைத்து, துணியை எடுத்தார். ஒரு சின்னப் புறா. கழுத்திலும் மார்பிலும் பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய வரிகள். லாசரஸை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிக்கொண்டது.

“இவன் பேரு ஜமீன். மெர்போக். தாய்லாந்துலேர்ந்து வந்தவன். இவங்க அப்பா ஜொகூர்ல சேம்பியன். ரெண்டு மாசமா வாயத் தொறக்கல. ஏன்?”

“உடம்பு சரியில்லையா அங்கிள்?”

“அவன் நல்லாத்தான் இருக்கான். நீங்கதான் சரியில்ல. சனிக்கெழமை ஆனா மேல என்னமோ இடிஞ்சு விழுவுது, நாயித்துக்கெழமை மறுபடியும் இடிஞ்சு விழுவுது. இவன் பயந்துட்டான்லா. அடுத்த மாசம் உட்லண்ட்ஸ்ல போட்டி. நான் என்ன, ஊமைப் புறாவையா தூக்கிட்டுப் போறது?”

லாசரஸுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. “எப்படி அங்கிள் பாடணும் இது?” என்று கேட்டான்.

கோவிந்தசாமி பறவை வளர்க்கத் தொடங்கி முப்பது வருடம் ஆகியிருந்தது. அந்த முப்பது வருடத்தில் ஒருவரும் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதில்லை. அவர் மனைவி ரத்தினம்மா, கேட்காமலே அவர் சொல்லத் தொடங்கினால் எழுந்து போய்விடுவாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபத்தை மறந்துபோனார்.

“மூணு பகுதி இருக்கு தம்பி. முன், நடு, வால். முன் கூவல் ஒண்ணே ஒண்ணு, நிமிந்து வரணும். நடு எண்ணிக்கை. அதுல அவசரப்படக்கூடாது. வால் இருக்கு பாரு, அது கீழ எறங்கி, நீளமா, அறுந்துபோவாம நிக்கணும். இவன் நடுவுல ஏழு போடுவான். சில நாளு அஞ்சு. ஏழு போட்டு, அஞ்சு போட்டு, மறுபடி ஏழு போட்டான்னா, தூக்கிட்டுப் போயி கும்பிடலாம்.”

“ஏழா?” என்றான் லாசரஸ்.

கோவிந்தசாமி கண்ணை மூடி, கன்னத்தை உப்பி, கூவிக் காட்டினார். தொடையில் விரல்கள் எண்ணிக்கொண்டே வந்தன. ஏழு. ஐந்து. ஏழு.

லாசரஸ் எழுந்து போய் கிட்டாரைக் கொண்டுவந்தான். டிபன் கேரியர் அளவே இருந்த, பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயரில் அதைச் செருகி, அவர் கூவியதை அப்படியே தந்தியில் வாசித்தான். கொஞ்சம் கரகரப்போடுதான் வந்தது. அவனுக்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது.

ஜமீன் திரும்பிப் பார்த்தது. கழுத்து விரிந்தது. ஒரு பந்தளவுக்கு உப்பி, தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, ஏழு கூவல் கூவியது. லாசரஸ் மறுபடி வாசித்தான். ஜமீன் இன்னும் சத்தமாகப் பதில் கொடுத்தது.

கோவிந்தசாமியின் கண்கள் கலங்கிவிட்டன. “உன்னைய வேற ஒரு ஆம்பளப் புறான்னு நெனச்சிட்டான் தம்பி,” என்றார். “சண்டைக்கு வர்றான்லா.”

அன்றிலிருந்து எல்லாமே தலைகீழாயிற்று. வேலை முடிந்து லாசரஸ் வீட்டுக்கு வருவதற்குள் கோவிந்தசாமி மின்தூக்கி வாசலில் காத்திருப்பார். “இன்னிக்கு வாசிக்கலையா?” என்பார். சனிக்கிழமைப் பயிற்சிக்குக் கூண்டோடு வந்து, சோபாவில் உட்கார்ந்துவிடுவார். அந்த ஏழையும் ஐந்தையும் வைத்து லாசரஸ் ஒரு புதிய உருப்படியே செய்தான். பன்னிரண்டு நிமிடம். பெயர், ‘ஜமீன்.’ பெயரைக் கேட்டதும் கோவிந்தசாமி எழுந்து போய் மூன்று பேருக்கும் கை கொடுத்தார்.

“முன்ன ஒரு சத்தந்தான் இருந்துச்சு,” என்று மார்க்கெட்டில் ரத்தினம்மா பிலோமினம்மாளிடம் சொன்னாள். “இப்ப ரெண்டு. நடுவுல எங்க வீட்டுக்காரரு வேற கூவுறாரு.”

ஒரே ஒரு சிக்கல். கிட்டார் ஒலித்தால் ஜமீன் கூவும். ஒலிக்காவிட்டால் கல்லுப் பிள்ளையார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோவிந்தசாமி குழுவின் முன்னால் வந்து நின்றார்.

“நீங்க மூணு பேரும் உட்லண்ட்ஸுக்கு வர்றீங்க.”

“அங்கிள், அங்கே மத்தவங்க சும்மா விடுவாங்களா?” என்றான் தனசேகரன்.

“ரூல்ஸ மூணு தடவ படிச்சிட்டேன். ஓனர் விசிலடிக்கக் கூடாது, கைதட்டக் கூடாது, சொடக்குப் போடக் கூடாது. கிட்டார்னு ஒரு எடத்துலயும் இல்ல.”

முகைதீன் அந்த மாதத்தில் பேசிய முதல் வாக்கியம் அப்போதுதான் வந்தது. “வேன எங்கே நிறுத்தணும்?”

ஞாயிற்றுக்கிழமை காலை. லாசரஸ் முந்தின நாள் மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்திருந்தான். இல்லாவிட்டால் பிலோமினம்மாள் விட்டிருக்க மாட்டாள். உட்லண்ட்ஸில், ஜொகூர் போகும் காஸ்வே சாலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு திடல். நாற்பது கம்பங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கம்பத்தின் உச்சிக்கும் கயிறு கட்டி ஒரு கூண்டு ஏற்றப்பட்டிருந்தது, கொடியேற்றுவதுபோல. கீழே, கயிற்று வேலிக்கு வெளியே சொந்தக்காரர்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள். எல்லாரும் பனியனும் செருப்புமாய், அண்ணாந்து பார்த்தபடி, பையில் கட்டி வாங்கிய கொப்பியை, அந்த ஊர்க் காப்பியை, உறிஞ்சுவதைக்கூடச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

கம்பங்களுக்கு நடுவே மதிப்பெண் தாளோடு நடந்துகொண்டிருந்தவர் ஹலீமா. ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம். உட்லண்ட்ஸில், நூடுல்ஸில் குழம்பு ஊற்றித் தரும் மீ ரெபுஸ் கடை வைத்திருந்தார். கணவர் பறவை வியாபாரி. அவர் காலமான பிறகு, அவருடைய நடுவர் இடத்தைச் சங்கத்தார் ஹலீமாவிடம் கொடுத்தார்கள். ஒரு பெண்ணுக்கா என்று சிலர் கேட்டதாகவும், அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பறவைகளை யார் வீட்டுப் பறவை என்று சொல்லிவிட்டதாகவும், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை என்றும் கோவிந்தசாமி சொல்லியிருந்தார்.

வேன் திடலின் ஓரத்தில் நின்றது. உள்ளே சேலைக் கட்டுகளுக்கு நடுவில் லாசரஸ், மடியில் கிட்டாரும் காலடியில் அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயருமாய் உட்கார்ந்திருந்தான். கோவிந்தசாமி தொப்பியைக் கழற்றினால் ஒரே ஒருமுறை, மெதுவாக, வாசிக்க வேண்டும்.

மணியடித்தது. அங்கங்கே பறவைகள் கூவத் தொடங்கின. ஜமீன் இறகைக் கோதிக்கொண்டது. கோவிந்தசாமி தொப்பியைக் கழற்றினார். லாசரஸ் வாசித்தான். ஜமீன் கோதிக்கொண்டே இருந்தது. கோவிந்தசாமி தொப்பியைப் போட்டு, மறுபடி கழற்றினார். மறுபடியும் அதேதான். ஐந்தாவது முறை கழற்றியபோது பக்கத்தில் நின்ற சீனக் கிழவர், வெயிலால் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தன் தண்ணீர் போத்தலை நீட்டினார்.

கோவிந்தசாமி சாதாரணமாக நடப்பதுபோல் நடந்து வேனுக்கு வந்தார். ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

“ஒண்ணுமே கேக்கல தம்பி!”

“மெதுவா வாசிக்கச் சொன்னீங்களே அங்கிள்.”

“இது மெதுவா இல்ல, இது மனசுக்குள்ள வாசிக்கிறது. எதத் திருகணும்? இதா?”

லாசரஸ் தந்தியை ஒருமுறை சுருதி பார்த்துக்கொண்டிருந்ததால், அவர் எதைத் திருகினார் என்று பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயரில் இருந்த இரண்டு குமிழையும் அவர் திருகினார். இரண்டையும் கடைசிவரை திருகினார். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

டிபன் கேரியர் அளவுப் பெட்டியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அதைச் செய்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். வேனின் தகரமும் சேர்ந்து அதிர்ந்தது. ஏழு முழக்கம், ஐந்து முழக்கம், ஏழு முழக்கம். சாலைக்கு அப்பால் ஒரு நாய் எழுந்து போயிற்று. திடலில் ஒருவர் கையிலிருந்த கொப்பிப் பொட்டலம் நழுவி விழுந்தது. நாற்பது பறவைகளும் ஒரே கணத்தில் வாயை மூடின.

அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்தது என்பதில் பிறகு கருத்து வேறுபாடு இருந்தது. தனசேகரன் பத்து விநாடி என்றான். கோவிந்தசாமி தன் ஆயுளில் பாதி என்றார்.

அப்புறம் ஜமீன் கூவியது. அடங்கா ரோஷத்தோடு, கூண்டே ஆடும்படி, ஏழு. அதைக் கேட்டு அடுத்த கம்பம். அதற்கடுத்த கம்பம். அரை நிமிடத்துக்குள் நாற்பது மெர்போக்குகளும், கண்ணுக்குத் தெரியாத அந்த மாபெரும் புறாவைத் திடலைவிட்டு விரட்டியே தீருவது என்று ஒன்றாகக் கூவிக்கொண்டிருந்தன. வருடக்கணக்காகக் கூவாத பறவைகள் கூவின. ஒரு மலாய்க்காரர், செத்துப்போன தன் பறவைக்குப் பதிலாகக் கடன்வாங்கி வந்திருந்த பெட்டைகூடக் கூவியது என்று சத்தியம் செய்தார். துணை நடுவர்கள் எதற்கு மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் தாளை மடக்கினார்கள்.

ஹலீமா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நடுத்திடலில் நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, நேராக வேனை நோக்கி நடந்து வந்து, கதவை இழுத்துத் திறந்தார். சேலைக் கட்டுகளுக்கு நடுவில் லாசரஸ் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

“யாரு பறவைக்காக வந்திருக்கே?”

 கோவிந்தசாமி தாமாகவே முன்னால் வந்தார். “ரூல்ஸ்ல விசில்னுதான் இருக்கு. கிட்டார்னு—”

“அண்ணே, யானைய அழைச்சிட்டு வரக்கூடாதுன்னும் ரூல்ஸ்ல இல்ல. ஒரு வருஷத்துக்கு நீங்க கூண்டத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது.” கோவிந்தசாமி தொப்பியைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்தார். ஹலீமா லாசரஸிடம் திரும்பினார். “நீ எறங்கு. இப்ப வாசிச்சத இன்னொரு தடவ வாசி. சின்னதா.”

லாசரஸ் இறங்கி, திருகியதையெல்லாம் குறைத்து, வாசித்தான். ஹலீமாவின் விரல்கள் சேலைத் தலைப்பில் எண்ணிக்கொண்டிருந்தன.

“ஏழு சரி. அஞ்சுல நாலாவது கூவல அவசரமா விட்டுட்டே. மெர்போக் அங்கதான் மூச்செடுக்கும். நீயும் எடு.”

 அந்த ஐந்தில் ஏதோ இடறுகிறது என்பது இரண்டு வாரமாக லாசரஸுக்கும் தெரிந்திருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. நாலாவதில் மூச்செடுத்து வாசித்தான். சரியாக உட்கார்ந்தது.

அதற்குள் ஆட்கள் வேனைச் சூழ்ந்துவிட்டார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்துத் தனசேகரன் டிரம்ஸ் குச்சியைத் தேடினான். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. தண்ணீர் போத்தல் கொடுத்த சீனக் கிழவர் மலாயில் கேட்டார்: என் பறவை ஒரு வருடமாகக் கூவவில்லை, இப்போது கூவியது, இதைக் கேசட்டில் போட்டுத் தருவாயா? அவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் அதே கேள்வியோடு நின்றார்கள். முகைதீன் துணிக்கடை ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக்கொண்டான்.

அப்படித்தான் மட்ஸ்கிப்பர் முதல் கேசட்டைப் பதிவு செய்தது. ஒரு பக்கம் ‘ஜமீன்’, மறுபக்கம் ‘ஓதம்’. மறுபக்கத்தைக் கேட்டுப் பறவைகள் என்ன செய்தன என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள் என்பது, அந்த வருடக் கடைசியில் மெர்போக் சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு அழைப்பு வந்தபோது தெரிந்தது. இரண்டையும் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

விருந்து உட்லண்ட்ஸில் ஒரு மண்டபத்தில். பிலோமினம்மாளும் ரத்தினம்மாவும் வந்திருந்தார்கள். கோவிந்தசாமி, யாரும் நியமிக்காமலே, குழுவின் மேனேஜராகச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சுற்றினார். தடை விதிக்கப்பட்ட வருடத்தை வீணாக்காமல் இதற்குப் பயன்படுத்திக்கொண்டார். மேடையேறியபோது லாசரஸ் பக்கவாட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டான். அருளானந்தம் எங்கிருந்தாவது மைக்கோடு வந்துவிடுவார் என்ற பயம் அவனுக்கு.

முதல் முழக்கம் எழுந்தது. எண்பது பேர் இருந்த மண்டபத்தில், கரண்டிகள் எல்லாம் தட்டில் வைக்கப்பட்டன. பனியன் மனிதர்கள் அன்றைக்குச் சட்டை போட்டிருந்தார்கள். ஆனால் திடலில் எப்படி நின்றார்களோ அப்படியே இருந்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் பாதி மூடி. லாசரஸ் ஏழுக்குள் நுழைந்தபோது கீழே பார்த்தான். மேசைவிரிப்பின்மேல், தொடையில், பெப்சி போத்தலின்மேல், மண்டபம் முழுக்க விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. ஐந்துக்குத் திரும்பும் இடத்தில் எண்பது விரல்களும் அவனோடு திரும்பின.

“பாட்டு எப்ப—” என்று பிலோமினம்மாள் தொடங்கினாள்.

“ஷ்ஷ்,” என்றார் பக்கத்தில் இருந்த மலாய்ப் பெரியவர். “இப்போ நடுப் பகுதி,” என்று ரகசியமாகச் சொன்னார், அவருக்குத் தெரிந்த தமிழில். பிலோமினம்மாள் அடுத்த பத்து நிமிடமும் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. நடுப் பகுதி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கைதட்டல் ரொம்ப நேரம் நீடித்தது. அது முடிந்ததும் ஹலீமா மதிப்பெண் தாளோடு மேடைக்கு வந்தார். போட்டித் தாளேதான், பறவையின் பெயர் என்று இருந்த இடத்தில் ‘மட்ஸ்கிப்பர்’ என்று எழுதியிருந்தார்.

“முன், ரொம்ப நல்லா நிமிந்து வருது. நடு, இந்த வருஷம் நான் கேட்டதுலயே இதுதான் பெஸ்ட். வால் பத்தல.”

“பத்தலையா?” என்றான் லாசரஸ்.

“குட்டையா இருக்குப்பா. நீயே பயந்துபோயி நிறுத்துற மாதிரி இருக்கு.”

“எனக்கு எவ்ளோ மார்க் ஆண்ட்டி?” என்று தனசேகரன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

ஹலீமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டிரம்ஸுக்குக் கட்டம் இல்லலா.”

தனசேகரன் இதை மறக்க ஒரு வருடம் ஆயிற்று. லாசரஸ் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். “என்னடா, வால் சரியில்லன்னு சொன்னதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?” என்று தனசேகரன் கேட்டான். லாசரஸ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. புக்கிட் தீமா வரை சிரித்துக்கொண்டே வந்தான். இருட்டில் அவர்களுக்குத் தெரியவில்லை.

வாலைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆயிற்று. பொங்கோலில் வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி, கிட்டாரும் சின்ன ஆம்ப்ளிஃபயருமாய் ஹலீமாவின் கடைக்குப் போவான். மாலை நேரக் கூட்டத்தில், மீ ரெபுஸ் தட்டுகளுக்கு நடுவே, கடைசி மேசையில் உட்கார்ந்து வாசிப்பான். கடைக்கு வருகிறவர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ஹலீமா மீயைச் சுடுநீரில் முக்கி எடுத்துக்கொண்டே கேட்பார். “இன்னும் எறக்கு,” என்பார். “அறுந்துடுச்சு,” என்பார். ஒருநாள், “இன்னிக்குக் கேக்கவே வேணாம், போயிட்டு நாளைக்கு வா,” என்றார்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். முன் நிமிர்ந்தது. நடு வந்தது, ஏழு, ஐந்து, ஏழு, நாலாவதில் மூச்சு. வால் இறங்கத் தொடங்கியது. இறங்கி, நீண்டு, இன்னும் கொஞ்சம் நீண்டது. ஹலீமா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. தட்டை நீட்டிக்கொண்டு நின்ற வாடிக்கையாளரும் அப்படியே நின்றார்.

“இன்னும்,” என்றார் ஹலீமா. “இன்னும். ஆங்... போதும்.”

லாசரஸ் தந்தியிலிருந்து கையை எடுத்தான்.

“அவ்வளவுதான்லா,” என்று சொல்லிவிட்டு, ஹலீமா வாடிக்கையாளர் நீட்டிய தட்டில் குழம்பை ஊற்றினார்.